அடிவயிற்றுக் கொழுப்பு: எந்த வழியைப் பிடிப்பது?

எடை குறைந்திருக்கும், முகம் ஒட்டிப்போயிருக்கும், சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கும். தொப்புளுக்குக் கீழே இருக்கும் அந்த மடிப்பு மட்டும் அசைந்து கொடுக்காது. இந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் அடுத்து யோசிப்பது மூன்று வழிகளைத்தான்: சாப்பாட்டை இன்னும் குறைப்பதா, உடற்பயிற்சியைக் கூட்டுவதா, வயிற்றுக்கென்று தனியாக ஏதாவது செய்வதா? மூன்றுக்கும் சத்தியம் செய்ய ஆள் இருக்கிறது. மூன்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்கி, அந்த மாதம் முடிவதற்குள் மூன்றையும் கைவிட்டவர்களும் ஏராளம். ஒவ்வொரு வழியும் என்ன தரும், பதிலுக்கு நம்மிடம் என்ன கேட்கும் என்று பார்த்துவிட்டு இறங்கினால் அந்த அலைச்சல் மிச்சம்.

அது கொழுப்புதானா?

நேராக நின்று, மூச்சை இயல்பாக விட்டபின், தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். மெத்தென்று கையில் சிக்குவது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. வயிறு நன்றாக முன்னால் தள்ளியிருக்கிறது, ஆனால் கையில் கொஞ்சம்தான் சிக்குகிறது, அழுத்தினால் விண்ணென்று இருக்கிறது என்றால், உள்ளே குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்ந்த உள்ளுறுப்புக் கொழுப்பு அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். சர்க்கரை நோய், இதய நோய் என்று பயப்பட வேண்டியது இந்த இரண்டாவது வகைக்குத்தான். வேடிக்கை என்னவென்றால், ஆபத்தான அதுதான் சாப்பாடும் நடையும் சரியானதும் முதலில் கரையத் தொடங்கும். பிடிவாதம் எல்லாம் கையில் சிக்குகிற வகைக்கு.

காலையில் தட்டையாக இருந்து இரவில் உப்பும் வயிறு வேறு கதை. கொழுப்பு ஒரே நாளில் ஏறி இறங்காது. அது வாயு, மலச்சிக்கல், உப்பு, ஒத்துக்கொள்ளாத ஏதோ ஒரு உணவு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு இடுப்பெலும்பு முன்பக்கம் சாய்ந்து, கீழ்முதுகு வளைந்து, ஒல்லியான வயிறும் பிதுங்கித் தெரியலாம். பிள்ளை பெற்றவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் சற்றுத் தூக்கும்போது வயிற்றின் நடுக்கோட்டில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தட்டுப்பட்டால், அல்லது அங்கே ஒரு மேடு எழும்பினால், வயிற்றுத் தசைகள் விலகியிருக்கின்றன என்று பொருள். அதற்கு டயட் எதுவும் செய்யாது. பிசியோதெரபிஸ்ட்டிடம் போக வேண்டும்.

சரி, கொழுப்புதான் என்று உறுதியாகிவிட்டது. அது ஏன் இப்படி அடம்பிடிக்கிறது? கொழுப்புச் செல்லின் மேல் அட்ரினலின் வந்து ஒட்டும் ஏற்பிகள் உண்டு. பீட்டா வகை ஏற்பிகள் கொழுப்பை வெளியே விடச் சொல்லும், ஆல்ஃபா-2 வகை பிடித்து வைக்கச் சொல்லும். அடிவயிறு, இடுப்பு, தொடை ஆகிய இடங்களில் ஆல்ஃபா-2 வகையின் கை ஓங்கியிருக்கிறது. இரத்த ஓட்டமும் அங்கே குறைவு. ஆக அந்த இடம் கரையாமல் இருப்பதில்லை, வரிசையில் கடைசியாக நிற்கிறது. வரிசையை மாற்றி அமைக்க இதுவரை நம்பகமான வழி எதுவும் கிடைக்கவில்லை. நம் கையில் இருப்பது, வரிசை முடியும்வரை தாக்குப்பிடிக்கிற ஒரு முறையைத் தேர்ந்தெடுப்பதுதான். கீழே வரும் எல்லா வழிகளையும் நான் எடைபோடுவது இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான்.

வயிற்றுக்கென்று தனிப் பயிற்சி

ஆசை காட்டுவதில் இதற்கு ஈடில்லை. வயிறு எரிகிறது, அதனால் கொழுப்பும் எரிகிறது என்று நம்பத் தோன்றும். எரிவது தசை. 1984இல் வெளியான ஓர் ஆய்வில் 27 நாட்களில் ஆளுக்கு 5,004 சிட்-அப் எடுக்க வைத்தார்கள். முன்னும் பின்னும் வயிறு, முதுகு, பிட்டம் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் கொழுப்புச் செல்களை ஊசியால் எடுத்து அளந்தார்கள். மூன்று இடத்திலும் செல்கள் ஒரே மாதிரிதான் சுருங்கியிருந்தன. வயிற்றுக்குச் சலுகை எதுவும் இல்லை. 2011இல் 24 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை மட்டும் ஆறு வாரம் வயிற்றுப் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்ததில், அந்தப் பிரிவினரால் முன்னைவிட அதிகமாக கிரஞ்சஸ் (மல்லாந்து படுத்து தோளை மட்டும் தூக்குவது) செய்ய முடிந்தது, வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. இதற்கு மாறாக, 2023இல் பருமனான ஆண்கள் சிலரை வைத்து நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், டிரெட்மில் ஓட்டத்தோடு நீண்ட நேர வயிற்றுப் பயிற்சியும் செய்தவர்களுக்கு உடலின் நடுப்பகுதியில் கொஞ்சம் கூடுதலாகக் குறைந்தது. ஆர்வம் தரும் முடிவுதான், ஆனால் அதை நம்பித் திட்டம் போடும் அளவுக்கு ஆட்கள் அதில் இல்லை.

அதற்காக இதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வயிற்றின் உள்ளடுக்குத் தசை, பக்கவாட்டிலிருந்து சுற்றி வந்து வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிப்பது. அது வலுவாக இருந்தால் அதே கொழுப்போடும் வயிறு தட்டையாக நிற்கும். அதற்கு கிரஞ்சஸை விட பிளாங்க்கும் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடலை நேராகப் பிடித்து நிற்பது) டெட் பக்கும் மேல். டெட் பக் செய்வது எளிது. மல்லாந்து படுத்து இரு கைகளையும் மேலே நீட்டி, தொடைகள் செங்குத்தாக நிற்கும்படி முழங்கால்களை மடக்கித் தூக்கிக்கொள்ளுங்கள். கீழ்முதுகைத் தரையோடு அழுத்தியபடியே வலது கையையும் இடது காலையும் மெதுவாக இறக்கி, தரையைத் தொடுமுன் திரும்பக் கொண்டுவாருங்கள், பிறகு மறுபக்கம். முதுகுக்கும் தரைக்கும் நடுவே இடைவெளி விழுந்த கணமே பயிற்சியின் பலன் போய்விட்டது. காலைக் குறைவாக இறக்குங்கள். வாரம் மூன்று நாள் பத்து நிமிடம் போதும், அதுவும் மற்ற பயிற்சிகளை முடித்த பிறகு. முதலிடம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வியர்வை பெல்ட், இடுப்பை இறுக்கும் பட்டை வகையறாவைப் பற்றி ஒரு வரி போதும்: கழற்றியபின் குறைந்திருப்பது தண்ணீர், அடுத்த முறை தண்ணீர் குடித்ததும் திரும்பி வந்துவிடும்.

சாப்பாடா, உடற்பயிற்சியா?

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், கொழுப்பைக் குறைக்க சாப்பாடு. காரணம் வெறும் கணக்கு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 150 கலோரி. ஒரு பெரிய கைப்பிடி பாதாமோ முந்திரியோ அதை இரண்டு நிமிடத்தில் சரிக்கட்டிவிடும். நாளுக்கு 500 கலோரியைத் தட்டிலிருந்து எடுப்பது கொஞ்சம் கவனம் இருந்தால் முடிகிற காரியம். அதே 500ஐ நடந்து தீர்க்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டும், தினமும்.

500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரை கிலோ என்பது தொடக்கத்தில் ஏறக்குறைய சரியாக வரும். போகப் போக உடல் சிறியதாகிறது, செலவும் குறைகிறது, நாமும் அறியாமல் கை கால் அசைப்பதைக் குறைத்துக்கொள்கிறோம். மூன்றாம் மாதத்தில் அதே சாப்பாட்டில் அதே வேகம் இருக்காது. அடிவயிற்றின் முறை வருவது பெரும்பாலும் இந்த மெதுவான கட்டத்தில்தான் என்பதால், ‘எனக்கு மட்டும் குறையவில்லை’ என்று மனம் விட்டுப்போவதும் சரியாக இங்கேதான் நடக்கிறது.

உடற்பயிற்சியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எடை இறங்காத நிலையிலும் அது உள்ளுறுப்புக் கொழுப்பைக் குறைக்கும். இளைக்கும்போது தசையைக் காப்பாற்றும். குறைந்தது திரும்பி வராமல் இருக்கவும் உதவும். வயிறு விண்ணென்று இருக்கும் வகைக்காரர்கள் சாப்பாட்டில் பெரிய மாற்றம் செய்ய முடியாத சூழலில் இருந்தாலும், நடையை மட்டுமாவது இன்றே தொடங்கலாம். கையில் சிக்கும் வகைக்காரர்களுக்கு நடை மட்டும் போதாது.

எந்த டயட்?

சண்டை அதிகம், வித்தியாசம் குறைவு என்றால் அது இங்கேதான். 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பு குறைந்த உணவும் மறுபாதிக்கு மாவுச்சத்து குறைந்த உணவும் சொல்லி ஓராண்டு தொடர்ந்தது. முதல் பிரிவுக்குச் சராசரியாக 5.3 கிலோவும் இரண்டாவதுக்கு 6 கிலோவும் குறைந்தன. அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்த முடியாது என்றார்கள். என்னைக் கவர்ந்தது சராசரி அல்ல. இரண்டு பிரிவிலுமே 20 கிலோவுக்கு மேல் இளைத்தவர்களும் இருந்தார்கள், எடை கூடியவர்களும் இருந்தார்கள். டயட்டின் பெயரைவிட அதை யார், எவ்வளவு தூரம் கடைப்பிடித்தார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானித்திருக்கிறது.

நாளில் சில மணி நேரத்துக்குள் மட்டும் சாப்பிட்டு மற்ற நேரம் பட்டினி இருக்கும் இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங்குக்கும் இதே கதிதான். 2022இல் சீனாவில் உடற்பருமன் உள்ள 139 பேருக்கு ஒரே அளவு கலோரிக் குறைப்பைக் கொடுத்து, பாதிப் பேரை மட்டும் காலை 8 மணியிலிருந்து மாலை 4 மணிக்குள் சாப்பிடச் சொன்னார்கள். ஓராண்டு கழித்து நேரம் வைத்துச் சாப்பிட்டவர்களுக்கு 8 கிலோவும் மற்றவர்களுக்கு 6.3 கிலோவும் குறைந்திருந்தன. இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய அளவுதான், இடுப்புச் சுற்றளவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. கடிகாரத்துக்கு மந்திர சக்தி கிடையாது. இரவில் டிவி முன்னால் கொறிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் அது நல்ல வேலி, ஏனென்றால் ‘ஏழு மணிக்கு மேல் இல்லை’ என்ற ஒரே விதி ஐம்பது சின்ன முடிவுகளை மிச்சப்படுத்துகிறது. காலையில் பசி தாங்காதவர்கள், பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு ஒரே வேளையில் அள்ளிச் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளையைத் தள்ளிப்போடவே கூடாது.

மாவுச்சத்தைக் குறைக்கும் லோ கார்ப் முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறக்கிக் காட்டும். அதில் பெரும்பங்கு தண்ணீர்: உடல் சேமித்து வைக்கும் சர்க்கரையான கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அது காலியாகும்போது தண்ணீரும் போகிறது. வயிறு சட்டென்று வற்றியது போல் தெரிவதற்கும் காரணம் அதுதான். இது தெரிந்து தொடங்குகிறவர்களுக்குப் பிரச்சினை இல்லை. பசி குறைகிறது என்று சிலருக்கு உண்மையாகவே பிடித்துப்போகிறது. விருந்து, பயணம் என்று வெளியில் சாப்பிடும் வாழ்க்கை உள்ளவர்களுக்கு ஆறு மாதம் ஓட்டுவது கஷ்டம்.

என் கை போவது இவை இரண்டுக்கும் அல்ல, பெயரே இல்லாத சாதாரண வழிக்கு. வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிட்டு, நாளுக்கு 300 முதல் 500 கலோரி மட்டும் குறைப்பது. எங்கே குறைப்பது என்றால் முதலில் குடிப்பதில்: சர்க்கரை போட்ட பானங்கள், பழச்சாறு, மது. ஆல்கஹால் ஒரு கிராமுக்கு 7 கலோரி. அது உள்ளே இருக்கும்வரை உடல் கொழுப்பைத் தொடுவதைத் தள்ளிப்போடுகிறது. அடுத்து பாக்கெட்டில் வருவது. 2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை ஒரு மாதம் தங்க வைத்து, இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு கொடுத்தார்கள். இரண்டிலும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த நாட்களில் அவர்களையும் அறியாமல் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. நாம் குறைக்க நினைக்கும் அளவு எங்கே ஒளிந்திருக்கிறது பாருங்கள்.

எந்த வழியைப் பிடித்தாலும் புரதத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் நல்ல இலக்கு. 70 கிலோ என்றால் நாளுக்கு 85 முதல் 110 கிராம் வரை. முட்டை, மீன், கோழி, பருப்பு வகைகள், தயிர் என்று ஒவ்வொரு வேளையிலும் ஏதாவது ஒன்று வந்துவிட வேண்டும். இரவில் மொத்தமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்றால் சேராது. சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு டாக்டர் சொல்வதுதான் அளவு.

பட்டினிக்குப் பக்கத்தில் போகும் 800 கலோரித் திட்டங்களை நான் ஒப்பிடவே எடுத்துக்கொள்ளவில்லை. தசை கரையும், பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும். மருத்துவக் கண்காணிப்பில் செய்ய வேண்டிய விஷயம் அது.

நடையா, ஹிட்டா, எடைப் பயிற்சியா?

பெரும்பாலானவர்கள் போடும் வரிசை: முதலில் ஓட்டம், பிறகு ஹிட் (சற்று நேரம் முழு வேகம், சற்று ஓய்வு என்று மாறி மாறிச் செய்யும் HIIT பயிற்சி), நேரம் மிஞ்சினால் எடை. நான் அதை மாற்றிப்போடுவேன்: முதலில் எடை, பிறகு நடை, கடைசியில் ஹிட்.

சாப்பாட்டை மட்டும் குறைத்து இளைத்தால், இறங்கும் எடையில் ஏறத்தாழ கால்பங்கு கொழுப்பு அல்லாத பகுதியிலிருந்து, முக்கியமாகத் தசையிலிருந்து, போய்விடுகிறது. பத்துக் கிலோ இளைத்தும் உடம்பு தளர்ந்து, வயிறு மட்டும் முன்போலவே தெரிகிறது என்று புலம்புவோர் கதை பெரும்பாலும் இதுதான். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் எடைப் பயிற்சி இந்த இழப்பைப் பெருமளவு குறைக்கிறது. ஜிம் கட்டாயமில்லை. உட்கார்ந்து எழும் ஸ்குவாட், குனிந்து எடை தூக்குவது, புஷ்-அப் போலத் தள்ளுவது, டம்பெல்லோ ரப்பர் பேண்டோ வைத்து இழுப்பது ஆகிய நான்கும் இருந்தால் முழு உடலும் வந்துவிடும். ஒவ்வொன்றும் மூன்று செட். கடைசி இரண்டு முறை கஷ்டப்பட்டுத்தான் வர வேண்டும். இருபது முறை சுலபமாக வருகிறது என்றால் எடையைக் கூட்டுங்கள்.

இரண்டாவது நடை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம்தான் மிதமானது. நடையின் பெரிய குணம், அது பசியைக் கிளறுவதும் மறுநாள் உடலைப் படுக்க வைப்பதும் குறைவு. போன் பேசும்போது, சாப்பிட்டு முடித்தபின் என்று துண்டு துண்டாகச் செய்தாலும் கணக்கில் சேரும்.

ஹிட் மோசமான பயிற்சி என்று சொல்ல மாட்டேன். குறைந்த நேரத்தில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நல்ல வேலை கொடுக்கிறது. கொழுப்பு என்று வந்தால், பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் மிதமான பயிற்சிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முடித்த பிறகும் மணிக்கணக்கில் கொழுப்பு எரியும் என்பார்களே, அந்தப் பின்விளைவு விளம்பரம் சொல்வதைவிட மிகச் சிறியது. கலோரியைக் குறைத்துக்கொண்டிருக்கும் உடலுக்கு அது கூடுதல் சுமை. முழங்கால் வலியும் அசதியும் வந்தால் மொத்தத் திட்டமும் நின்றுபோகும். ஏற்கெனவே பழகியவர்கள் வாரத்தில் ஒரு நாள் வைத்துக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் மூன்று மாதம் அதை மறந்துவிடலாம்.

இந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்று தூக்கம். 2010இல் வெளியான ஆய்வில் பத்துப் பேருக்கு ஒரே டயட்டைக் கொடுத்து, இரண்டு வாரம் 8.5 மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் 5.5 மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். இரண்டிலும் சுமார் 3 கிலோ குறைந்தது. நன்றாகத் தூங்கியபோது அதில் கொழுப்பு 1.4 கிலோ, குறைத்துத் தூங்கியபோது 0.6 கிலோ. மிச்சம் போனது தசை உள்ளிட்ட மற்ற பகுதி. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் விடிகாலை நாலரை மணிக்கு அலாரம் வைத்து, ஐந்து மணி நேரத் தூக்கத்தோடு ஜிம்முக்கு ஓடுகிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

எத்தனை நாள், எதை வைத்து அளப்பது?

எடை எந்திரம் இந்த விஷயத்தில் அரைகுறை சாட்சி. இன்ச் டேப் மேல். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே ஓர் அளவு, தொப்புளுக்குக் கீழே வயிறு அதிகம் புடைத்திருக்கும் இடத்தில் இன்னோர் அளவு. வாரம் ஒருமுறை, காலையில் கழிவறைக்குப் போய்வந்த பின், மூச்சை இயல்பாக விட்ட நிலையில். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடலில் நீர் கோத்து அளவு ஏறும் என்பதால், பெண்கள் சென்ற மாதத்தின் அதே கட்டத்தோடு ஒப்பிட வேண்டும், சென்ற வாரத்தோடு அல்ல. மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் கொழுப்பு வயிற்றுப் பக்கம் நகரும். அந்த வயதில் வேகம் இன்னும் மெதுவாக இருக்கும், எடைப் பயிற்சியின் அவசியம் இன்னும் கூடும்.

மேல் அளவு குறைந்துகொண்டே வந்து கீழ் அளவு நின்றிருந்தால் திட்டம் வேலை செய்கிறது, மாற்றாதீர்கள். இரண்டுமே நான்கு வாரமாக நின்றிருந்தால்தான் மாற்ற வேண்டும்: இன்னும் 150 கலோரி குறைப்பது அல்லது தினமும் அரை மணி நடையைக் கூட்டுவது, இரண்டில் ஒன்று. மாதக்கணக்காகக் குறைத்துச் சோர்ந்திருப்பவர்கள் இரண்டு வாரம் எடை ஏறாத அளவுக்குச் சாப்பிட்டு சற்று இளைப்பாறிக்கொண்டு மறுபடி இறங்கலாம்.

இடுப்பளவு (மேல் அளவு) உயரத்தில் பாதிக்குக் கீழே வந்துவிட்டால், உடல்நலக் கணக்கில் பெரிய வேலை முடிந்தது. அதற்குமேல் அந்த மடிப்பைத் துரத்துவது அழகுக்காக மட்டுமே, விலையும் ஏறும். அளவுக்கு மீறி மெலிந்தால் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், இருவருக்கும் தூக்கமும் மனநிலையும் கெடும். மாதவிடாய் தவறத் தொடங்கினால் குறைப்பதை அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கை கால் ஒல்லி, எடையும் சரியான அளவில், ஆனால் அடிவயிறு மட்டும் தொங்குகிறது என்பவர்களுக்கு மேலே சொன்ன கலோரிக் குறைப்பே பொருந்தாது. இன்னும் குறைத்தால் இருக்கிற கொஞ்சத் தசையும் போகும். அவர்கள் இப்போது சாப்பிடும் அளவையே வைத்துக்கொண்டு, அதில் புரதத்தைக் கூட்டி, வாரம் மூன்று நாள் எடைப் பயிற்சியில் இறங்க வேண்டும். மூன்று மாதம் கழித்தும் எடை எந்திரம் அதே எண்ணைத்தான் காட்டும். கீழ் அளவில் டேப் ஓரிரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் அதுவே நல்ல வேகம்.